கதவில் நான் கட்டிய வேப்பிலை

பயிற்சி என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இடுப்பு வலிதான். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கி, தண்ணீர்த் தொட்டியைத் திறந்து கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதில்கூட இவ்வளவு அலுப்பு இல்லை. நடந்துகொண்டே இருந்தால் வலி தெரியாது. வேலைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது, இன்னமும் ஒப்பந்தம்தான். எங்கள் தெருக்களில் என்னைக் கொசு மருந்து அக்கா என்பார்கள்.

அன்றைக்கும் கோமதி அம்மனை வாசலில் நின்றே கும்பிட்டுவிட்டு, சங்கரன்கோவில் சுகாதார அலுவலகக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் எங்களைப் போன்றவர்கள் சட்டப்படி என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்லித்தரப் போவதாகக் கூப்பிட்டிருந்தார்கள். நடத்த வந்தவர் திருநெல்வேலியிலிருந்து ஒரு வக்கீல் அம்மா. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். சட்டம் என்றால் எனக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் தெரியும்.

ஒரு வீட்டைத் தனிமைப்படுத்த வேண்டுமானால் எழுத்தில் உத்தரவு வேண்டும், அதிகாரி கையெழுத்து வேண்டும், யாருக்கு என்ன நோய் என்று வெளியே சொல்லக் கூடாது என்றெல்லாம் அவர் சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டேன். மனசு டீக்காகக் காத்திருந்தது. அப்போதுதான் அதைக் கேட்டார்.

“கொரோனா நேரத்துல தனிமை ஆரம்பிக்கிற தேதியைக் கதவுல ஒட்டிட்டீங்க. முடிஞ்சிருச்சுன்னு அந்தத் தெருவுக்கு யார் போய்ச் சொன்னீங்க?”

பக்கத்தில் இருந்த என் கூட்டாளி, “முடிஞ்சா அவங்களே வெளிய வந்துருவாங்க மேடம். நாம போயி வெத்தல பாக்கு வச்சா கூப்பிடணும்?” என்றாள். கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் பூக்கட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். மல்லிகையும் பிச்சியும் வாங்கிவந்து வீட்டிலேயே கட்டி விற்பாள். கொரோனாவில் கோயில்கள் சாத்தியிருந்த நாளிலும் வீட்டுச் சாமிக்கு அவளிடம்தான் எல்லோரும் பூ வாங்கினோம். என்னை அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிடுவாள். அந்த நாளில்தான் அவள் வீட்டுக்காரருக்குத் தொற்று வந்தது. கதவில் தாள் ஒட்டுகிற வேலை எனக்கு வந்தது. ஒட்டும்போது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திருடன் வீடு மாதிரி ஆக்கிட்டீங்களே மைனி என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவோமே, அந்த வீட்டை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லையே, அம்மன் வந்து இருக்கிறாள் என்றுதானே ஒதுங்கிப் போவோம் என்று தோன்றியது. தெருமுனை வேம்பில் ஒரு கொத்து ஒடித்து, அம்மன் பேரைச் சொல்லி, தாளுக்குப் பக்கத்தில் கட்டினேன். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசலாக நின்று, கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னேன். நல்லது செய்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

இரண்டு நாளில் எனக்கே காய்ச்சல் வந்தது. எழுந்த பிறகு மேலநீலிதநல்லூர்ப் பக்கம் வேலைக்குப் போடப்பட்டேன். கெடு முடிந்ததும் வேறு யாரோ வந்து தாளைக் கிழித்துப் போயிருக்கிறார்கள். வேப்பிலையை அவர்கள் தொடவில்லை. அது அவர்கள் கட்டியது அல்லவே. வீட்டுக்காரர்களும் தொடவில்லை. அம்மை என்றால் இறங்கி மூன்று தண்ணீர் ஊற்றியதும் எடுத்துவிடலாம். இதற்கு எப்போது எடுப்பது என்று அவர்களுக்கு யார் சொல்வது? நான் திரும்பி வந்தபோது ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. இலை சருகாகி, நாரும் குச்சியுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுப் பூவைச் சாமிக்கு யார் வாங்குவார்கள்? எல்லோரும் பஜாரில் வாங்கிப் பழகிவிட்டார்கள். அவள் விசைத்தறிக் கூடத்துக்கு நூல் சுற்றப் போய்விட்டாள். கொத்தை ஒருநாள் காற்றே கொண்டுபோய்விட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னை மைனி என்று கூப்பிட்டதில்லை. தொட்டி பார்க்கப் போனால், “பாத்துட்டுப் போங்க” என்று உள்ளே போய்விடுவாள்.

மத்தியானம் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, விதியை மீறி நீங்கள் செய்த ஒன்றை எழுதுங்கள், பேர் வேண்டாம் என்றார் வக்கீல் அம்மா. பேர் இல்லாவிட்டாலும் என் கையெழுத்து எங்களுக்கு வேலை பிரித்துத் தரும் மேஸ்திரிக்குத் தெரியும். ஒப்பந்தத்தை நினைத்து, ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். பொய்தான். டீ வந்ததும் வாங்காமல் எழுந்துவிட்டேன். தண்ணீர் கேன் பக்கம் வக்கீல் அம்மா தனியாக நின்றபோது போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“வேப்பிலை கட்டக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லம்மா. ஆனா நீங்க அரசாங்கக் கோட்டு போட்டுக்கிட்டுக் கட்டினீங்க. தெருவுக்கு அதுவும் உத்தரவுதான்” என்றார்.

இப்போதாவது, முடிந்துவிட்டது என்று ஒரு தாள் கொடுக்கலாமா என்று கேட்டேன். இத்தனை வருஷம் கழித்துத் தாள் எதற்கு ஆகும் என்றார். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகாமல், போட்டிருந்த கோட்டோடு நேரே பூக்காரி வாசலுக்குப் போனேன். தறிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து படியில் உட்கார்ந்து, தலையில் ஒட்டிய பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். வேப்பிலை கட்டியது என் தப்பு, வந்து அவிழ்க்காமல் விட்டது அதைவிடப் பெரிய தப்பு என்றேன்.

அவள் பஞ்சை எடுப்பதை நிறுத்தவில்லை.

“இத எனக்கு எதுக்குச் சொல்லுதீங்க? எங்க வீட்டுல அப்பவே சரியாயிட்டுன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு எத்தன வாசல்ல நின்னு அங்கன போகாதீங்கன்னு சொன்னீங்க? அத்தன வாசல்லயும் போயிச் சொல்லுங்க.”

“இப்பவா?”

“எப்பன்னாலும். நான் இங்கனதான் இருக்கேன்.”

வெள்ளிக்கிழமை. வீட்டில் விளக்கு ஏற்றவில்லை, உலை வைக்கவில்லை. முட்டி வீங்கியிருந்தது. தாயே, நீதான் நடத்தணும் என்று சொல்லிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

திறந்தவள் என் கோட்டைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். “இப்ப யாருக்கு?”

“யாருக்கும் இல்ல. பூக்கார வீட்டுல கொரோனா நேரத்துல பதினஞ்சு நாள்லயே எல்லாம் சரியாயிட்டு. நாந்தான் வந்து சொல்லாம விட்டுட்டேன்.”

“அது எங்களுக்குத் தெரியாதாக்கும்?” என்றாள் அவள்.

தெரிந்துமா பூ வாங்கவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. “தெரிஞ்சாலும் நான் சொல்லணும்லா” என்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு தாத்தாவுக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் டிவியைக்கூட நிறுத்தாமல் சரி சரி என்றார்கள். நாலாவது வீடு பூட்டிக்கிடந்தது. கடந்து போகக் காலை எடுத்து வைத்தேன்.

“அவங்க பின்னால குடியிருக்காங்க. சந்து வழியாப் போங்க” என்று படியிலிருந்து பூக்காரியின் குரல் வந்தது.

சந்து வழியாகப் போனேன்.