நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்

எங்கள் லேபில் செய்வது பல். டாக்டர்கள் வாயை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். டிசைன் அறையில் கம்ப்யூட்டரில் பல்லை வரைவார்கள். பக்கத்து அறை மெஷின் அதைக் கடைந்து கொடுக்கும். கடைசியில் நான் தேய்த்து மெருகேற்றுவேன். டிசைனுக்கும் மெஷினுக்கும் நடுவில் நிற்பவர் பட்டியலக்கா.

அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். தினமும் காலை ஒன்பதுக்கு டிசைன் ஃபைல்களை மெஷின் அறைக்கு அனுப்புவது அவர் வேலை. அனுப்பும் முன், எதெல்லாம் போகப்போகிறது என்று ஃபைலை அனுப்பும் புரோகிராமிடமே கேட்டு, அது தரும் பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவார். எட்டு வரி, பத்து வரி இருக்கும். ஒவ்வொரு வரியின் தலையிலும் சில புள்ளிகள், நடுவில் ஓரிரண்டு ஆங்கில எழுத்துகள். என்னவென்று கேட்டால், "வரி வந்தா ஃபைல் மாறியிருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான்" என்பார். வீட்டைப் பூட்டிவிட்டு, பாதித் தெரு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

அந்தத் திங்கட்கிழமை பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் இருந்தன.

முதலாளி முகம் சிவந்து அக்காவைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் டாக்டருங்க ஓகே சொன்ன டிசைன். ஞாயித்துக்கிழமை சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு? என்னத்தைத் தொட்டீங்க?"

"புதுக் கம்ப்யூட்டர் மேசையைத் துடைச்சேன் சார். வேற ஒண்ணும் தொடலை."

"தொடாம நானூறு ஃபைல் தானா மாறுமா? ஆறு மணிக்குள்ள உண்மையைச் சொல்லுங்க. இல்லைன்னா சாவியை வச்சிட்டுப் போயிடுங்க."

அக்காவுக்கு இங்கே பதினான்கு வருஷ வேலை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலாளியிடம் கோபப்படுவதில் நான் சூரன், அவர் அறையை விட்டுப் போன பிறகு.

மெஷின் அறையில், முன்பு அனுப்பிய ஃபைல்களின் பழைய பிரதி அப்படியே இருந்தது. அக்கா ஒரு ஃபைலை இங்கேயும் அங்கேயும் திறந்து பார்த்தார். ஒரே பல். இன்னொன்று, அதுவும் அப்படியே.

"ஒண்ணும் மாறலையே தம்பி! அப்புறம் எதுக்கு மாறிச்சுங்குது? எனக்குப் பைத்தியமா, இதுக்குப் பைத்தியமா?"

எனக்கும் தலை சுற்றியது. மாறாதது எப்படி மாறும்? மதியச் சாப்பாட்டையும் மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, திடீரென்று தேதியைக் காட்டினார். எல்லா ஃபைலிலும் சனிக்கிழமை, காலை பதினொன்று. முதலாளியின் மச்சான் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிய நேரம்.

"இந்தப் புரோகிராம் ஃபைலை உள்ளே திறந்து பார்க்கிறதே இல்லை. தேதியையும் சைஸையும்தான் பார்க்குது. புதுச் சட்டை போட்டா ஆளே மாறிட்டான்னு சொல்ற மாதிரி." பிறகு அவரே, "அப்போ இந்த 'டி' எழுத்து டைம்தானா?" என்றார்.

அளவுகோலைப் பட்டியலில் வைத்து வரி வரியாக இறக்கினார். டி, டி, டி. ஏழாவது தாளில் அளவுகோல் நின்றது. அந்த வரியில் மட்டும் டி-க்கு முன்னால் ஓர் 'எஸ்'. சைஸ். இரண்டு பக்கமும் திறந்தார். கீழ்த்தாடை, மூன்று பல் சேர்ந்த பிரிட்ஜ். டிசைன் அறைப் பிரதியில் நடுப்பல்லின் மேடு தணிந்திருந்தது.

அந்தப் பிரிட்ஜை எனக்கு நன்றாகவே தெரியும். அதைக் கேட்ட டாக்டரின் டிசைன்களில் எப்போதும் ஒரு மேடு துருத்திக்கொண்டிருக்கும். அதைத் தேய்த்தே எனக்கு அரைமணி போகும். சனிக்கிழமை டிசைன் ஆட்களுக்கு விடுமுறை; அக்கா ஒன்பதுக்கு அனுப்பி முடித்ததும், முதலாளியின் மச்சான் வரும் முன் உட்கார்ந்து நானே தணித்துவிட்டேன். மெருகு போடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். காலையில் முதலாளி கேட்டது நானூறு ஃபைலைப் பற்றி. நான் தொட்டது ஒன்று. அதனால் என்னைக் கேட்கவில்லை என்று சத்தியமாக நம்பினேன்.

"இதை மட்டும் யாரு தொட்டிருப்பா?" என்று அக்கா என்னிடமே கேட்டார். என் மேல் துளி சந்தேகம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முதலாளி அறைக்குள் போனேன்.

"நானூத்திப் பதினொண்ணு உங்க மச்சான் சார். ஒண்ணு நான்."

பின்னாலேயே வந்த அக்கா அளவுகோலோடு விளக்கினார். முதலாளிக்குப் பாதிதான் புரிந்தது. "அப்போ மாறலைங்கறீங்களா?"

"தேதி மாறியிருக்கு சார், பல்லு மாறலை. இது ஒண்ணுதான் மாறியிருக்கு."

அந்த டாக்டருக்குப் போன் போட்டார்கள். நோயாளியின் மேல்பல் தேய்ந்து கட்டையாக இருக்கிறதாம். எட்டிக் கடிக்க வேண்டுமென்று கேட்டு வாங்கிய உயரமாம் அது. நான் இங்கே வந்த பதினொரு வருஷமாக அப்படி எத்தனை உயரத்தைத் தேய்த்தேனோ, தெரியாது.

சாவி அக்காவிடமே இருந்தது. மறுநாள் பட்டியலின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்து, 'தொட்டவர்' என்று எழுதி ஒட்டியிருந்தார். இப்போது எல்லோரும் அதில் கையெழுத்துப் போடுகிறோம்.

காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று அவர் இன்றுவரை என்னைக் கேட்கவில்லை.