அம்மா கேட்ட பனிமலை

அந்தத் தோல் உறையைத் திறந்தாலே அந்துருண்டை வாசம் அடிக்கும். உள்ளே என் தோழி மெர்சியின் அப்பா வைத்திருந்த பழைய ஃபிலிம் கேமரா... கையில் எடுத்தால் அரைச் செங்கல் கனம்.

அப்போதுதான் நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். நான் ஒரு அலுவலகத்தில் கிளார்க். மெர்சி மிஷன் பள்ளியில் பி.டி. டீச்சர். இரண்டு பெண்களும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு இமயமலையில் நடக்கப் போகிறோம் என்றதும் இரண்டு வீட்டிலும் ஒரே ரகளை.

என் அம்மா மட்டும் சத்தம் போடவில்லை. அம்மா மெர்சியின் பள்ளியிலேயே புவியியல் டீச்சர். பனியாறு, பள்ளத்தாக்கு என்று காலமெல்லாம் பாடம் நடத்தியவர், கொடைக்கானலைத் தாண்டி எந்த மலையையும் பார்த்ததில்லை. மூட்டுவலி வேறு.

"போயிட்டு வா. எனக்குப் பனிமலைய ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துரு... அது போதும்."

அந்த ஒரு போட்டோவுக்காகத்தான் எந்தக் கேமராவைக் கொண்டுபோவது என்று அத்தனை யோசனை. என்னிடம் சிங்கப்பூர் மாமா கொடுத்த குட்டி டிஜிட்டல் கேமரா இருந்தது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல்தான் அதற்கும்.

மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு கேமரா கடைக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு போனோம்.

"ஏம்மா, இந்தக் குட்டிக் கேமரா செல்லைத் தின்னுக்கிட்டே இருக்கும். போற எடத்துல கரண்டு இருக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"தெரியாதுண்ணே..."

"அப்ப சார்ஜ் செல்லும் வாங்கிக்கங்க, சாதா செல்லும் வாங்கிக்கங்க. பழசுக்கு ஒண்ணும் வேணாம். அதுல இருக்குற பொத்தான் செல்லு வெளிச்சத்தை அளக்கத்தான். அது செத்தாலும் போட்டோ விழும்."

ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றம் மலையேறி இரண்டையும் சோதித்தோம். டிஜிட்டலில் எடுத்த படம் எடுத்த நொடியே திரையில் தெரிந்தது. எனக்கு அது மாயாஜாலம். இது போதும் என்றேன். மெர்சி கேட்கவில்லை.

"ரெண்டையும் தூக்குவோம்டி."

"அந்தச் செங்கல்லயா? நீயே சுமந்துக்க."

சுமந்தாள். அதற்காகப் பையிலிருந்து ஒரு செட் துணியை எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

வழியெல்லாம் நான் டிஜிட்டலில் எடுத்துத் தள்ளினேன்... ஆடு, டீக்கடை, மெர்சியின் வீங்கிய கால். அவள் எண்ணி எண்ணி எடுத்தாள்.

உச்சியை அடைந்த காலையில் கேமராவை ஆன் செய்தேன். லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. புது செல் போட்டேன். அதுவும் அப்படியே. வெயிலில் பேட்டரி சூடாகும் என்பது மதுரைக்காரிக்குத் தெரியும். குளிரில் அது விறைத்துப்போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வழிகாட்டியாக வந்தவர் செல்லை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பொறு என்று கைகாட்டினார்.

அதற்குள் வெயில் வந்துவிட்டது.

முதலில் எதிரே இருந்த சிகரத்தின் நுனி மட்டும் கங்கு மாதிரி சிவந்தது. பிறகு அந்தச் சிவப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது... இறங்க இறங்கப் பொன்னாக மாறியது. இருட்டில் மேகம் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் மலை. வானத்தின் பாதி மலை. காற்றுகூட இல்லை. என் மூச்சுச் சத்தம் எனக்கே தொந்தரவாக இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. கன்னத்தில் கண்ணீர் சில்லென்று உறைந்த பிறகுதான் அழுகிறேன் என்பதே தெரிந்தது.

பக்கத்தில் மெர்சியின் கேமரா சத்தம் கேட்டது. பிறகு அதை என் கையில் கொடுத்தாள்.

"கடைசி ஒண்ணுதான் இருக்கு. நீ எடு. உங்கம்மாவுக்குல்ல..."

மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன். விழுந்ததா இல்லையா என்று பார்க்க வழியில்லை. அந்த ஃபிலிம் சுருளைக் காலுறைக்குள் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு மதுரை வந்து சேர்ந்தோம்.

ஸ்டுடியோவில் கழுவிப் பார்த்தோம். விழுந்திருந்தது. கொஞ்சம் சாய்வாக, ஆனால் மலை முழுதாக.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மலையின் அடியில் விரலை வைத்து நுனிவரை நகர்த்தினார்.

"ஏடி... இம்புட்டு உசரமா? நான் போர்டுல ஒரு சாண் அளவுக்குத்தானடி வரைஞ்சேன்..."

அடுத்த முறை இமயமலைப் பாடம் வந்தபோது, மூட்டுவலியோடு ஸ்டூலில் ஏறி நின்று, போர்டு கொள்ளாமல் வரைந்தாராம். மெர்சி வந்து சொன்னாள்.

போன மாதம் என் மகள் தோழிகளோடு வேறொரு பனிமலைக்குப் போனாள். செல்போன், பவர் பேங்க், அவ்வளவுதான். அனுப்பிய படங்களை நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. ஒரு படத்துக்காக மதுரை வரும்வரை காத்திருந்ததெல்லாம் அவளுக்குச் சொன்னாலும் புரியாது... புரியவும் வேண்டாம்.

அங்கிருந்தே வீடியோ காலில் வந்தாள். அம்மா போனை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தார்.

"ஏத்தா, ஒனக்குப் பின்னாடி காரு நிக்குதே... அங்கன வரைக்கும் ரோடு போட்டுட்டாங்களா?"

"ஆமா அம்மாச்சி. நடக்கவே வேணாம், கார்லயே வந்துரலாம்."

அம்மா போனை என்னிடம் நீட்டினார். முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"நம்ம ஊர்ல கம்பளிச் சட்டை எங்கடி கிடைக்கும்?"