பெரிய வண்டிகளுக்கு அனுமதி இல்லை

பணி ஓய்வு பெற்ற மறுநாளும் கண்ணாயிரம் விடியும் முன்பே எழுந்து குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்றார். முப்பது வருஷம் கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று தூக்கத்திலும் ஊர்ப்பெயர் சொல்பவர். அப்படிப்பட்டவரைத் திடீரென்று நாலு சுவருக்குள் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் அவர் மனைவி வேலம்மாளுக்கு மூச்சு முட்டிவிட்டது.

"காலார நடந்து ஆத்தங்கரைப் பக்கம் போயிட்டு வாங்களேன். அடுப்பங்கரையில வந்து நின்னுகிட்டு 'தள்ளி நில்லு, தள்ளி நில்லு'ன்னா நான் எங்க போயி நிக்கிறது?"

தெருக்கோடியில்தான் கெடிலம் ஆறு. அதன் கரையில் 'பூங்கா அமையவுள்ள இடம்' என்று ஒரு போர்டும் ஒரு சிமெண்டு பெஞ்சும் இருந்தன. வேறு எதுவும் இல்லை. முந்தைய வருஷத்து வெள்ளம் கொண்டுவந்து ஒதுக்கிய குப்பையின் மேல் மூன்று தெருக்காரர்களும் தங்கள் பங்குக்குக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் சீமைக் கருவேல். கண்ணாயிரம் மூக்கைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்த நேரம், ஒரு ஆள் மொபெட்டில் வந்து கோழிக்கழிவு மூட்டையை இறக்கினான். கண்ணாயிரத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. விசில் அங்கேதான் இருந்தது. பழக்கதோஷம், அதை இன்னும் எடுத்து வைக்கவில்லை.

ஒரே ஒரு விசில். அந்த ஆள் பதறிப்போய் மூட்டையைத் தூக்கி மறுபடி வண்டியில் வைத்துக்கொண்டு பறந்துவிட்டான். பூங்கா பிறந்த கதை இதுதான். நகராட்சிக்குக் கூடத் தெரியாது.

தினமும் போனார். விசில் ஊதினார். ஊதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்பதால் குப்பையை ஒரு பக்கமாக ஒதுக்கினார். மூலை வீட்டு ஜான்சி டீச்சர் மாடியிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த கையோடு நல்ல புடவையிலேயே மண்வெட்டியோடு இறங்கினார். டீச்சர் இறங்கினால் டீச்சரிடம் படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? மூன்று தெருவும் இறங்கிற்று. கருவேலை வெட்டினார்கள், மேட்டைச் சமன் செய்தார்கள். சிதம்பரத்தில் ஒரு நர்சரித் தோட்டத்தில் டீச்சருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அங்கிருந்து கன்றுகள் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தன. பழைய சிநேகிதத்துக்காகக் கண்டக்டர்கள் அவற்றுக்கு டிக்கெட் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு மரம். பாதாம், புங்கை, வேம்பு. யார் வீட்டு மரம் வாடினாலும் கண்ணாயிரம் அந்த வீட்டு வாசலில் நின்று விசில் ஊதுவார். வெட்கத்துக்குப் பயந்தாவது தண்ணீர் ஊற்றினார்கள்.

இப்படி இரண்டு வருஷத்தில், வாசலில் சுவரும் கேட்டும் சுற்றிலும் வேலியுமாகப் பூங்கா பார்க்கும்படி ஆயிற்று. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கண்ணாயிரத்துக்குப் புல்லாசை வந்துவிட்டது. நடுவில் பச்சைப்பசேலென்று ஒரு புல்தரை வளர்த்தார். அதை அவர் பார்த்துக்கொண்டதில் பாதிகூடத் தன்னைப் பார்த்துக்கொண்டதில்லை என்று வேலம்மாள் சொன்னாள். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் பொங்கல் மூன்று நாளோடு முடியாது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. ஊர்ஊராகச் சாமிகள் டிராக்டரில் ஏறி ஆற்றுக்கு வந்து குளித்துவிட்டுப் போகும். கரையெல்லாம் ராட்டினமும் பலூனும்தான். அவித்த சுருளிக்கிழங்கை வாங்கித் தின்னாமல் அன்றைக்கு வீடு திரும்புகிறவன் மனுஷனே இல்லை. தெருவின் முத்துமாரியம்மன் ஆற்றில் இறங்கும் வழி, தலைமுறை தலைமுறையாக, இந்தக் கரைதான். குப்பைமேடாக இருந்தபோதும் அம்மன் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இதன் வழியாகத்தான் போய்வந்தாள். இப்போது அந்த வழியின் நட்டநடுவில் புல்தரை.

கோயில் தர்மகர்த்தா சிங்காரம். வேலம்மாளின் கூடப்பிறந்த தம்பி, வாடகை டிராக்டர் வைத்திருப்பவர். அம்மனை ஏற்றிக்கொண்டு வண்டியை ஓட்டுவதும் அவரேதான். மச்சானிடம் ஒரு வார்த்தை, "இந்த வருசம் வண்டிய வெளிய நிறுத்தி அம்மன தோள்ல தூக்கிட்டுப் போலாமா?" என்று கேட்டிருந்தால் போதும். வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டிருந்தால் சிங்காரம் தலையிலேயே தூக்கிக்கொண்டு போயிருப்பார். ஆனால் கண்ணாயிரம் கண்டக்டர். பஸ்ஸில் சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். புகை பிடிக்காதீர், கை தலையை வெளியே நீட்டாதீர், சரியான சில்லறை தருக. எழுதி வைத்துவிட்டால் யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம் என்பது அவருடைய அனுபவம். ஆகவே 2009-ல் திருவிழாவுக்கு முதல்நாள், கனமான ஒரு மரப்பலகையில் பெயிண்டால் எழுதி கேட்டில் மாட்டிவிட்டார்: 'பெரிய வண்டிகளுக்கு அனுமதி இல்லை.'

"அம்மன் வண்டிக்குமா சார்?" என்று ஜான்சி டீச்சர் கேட்டார்.

"சட்டம்னா எல்லாருக்கும்தான டீச்சர்?"

மறுநாள் மேளதாளத்தோடு டிராக்டர் வந்து கேட்டின் முன்னால் நின்றது. சிங்காரம் பலகையைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். மேளக்காரர்களும் படித்தார்கள் போலிருக்கிறது, மேளம் நின்றுவிட்டது.

"ஏன் மாமா, எங்க அம்மன் என்னா செங்கல் லாரியா?"

கண்ணாயிரத்தின் இடுப்பில்தான் சாவி. திறந்திருக்கலாம். கூடியிருந்த ஜனத்தின் முன்னால் தன் போர்டைத் தானே மீறுவதாவது! "இங்கயே எறக்கி தோள்ல தூக்கிக்க மச்சான். புல்லு பாழாயிடும்" என்றார்.

"புல்லு பாழாயிடுமா? செரி மாமா. நீ ஒன் புல்ல வச்சிக்கோ. பெண்ணையாத்துல எங்களுக்கு எடமா இல்ல?"

டிராக்டர் ரிவர்ஸ் எடுத்தது. மேளமும் ஜனமும் பலூன்காரனும் சுருளிக்கிழங்குக் கூடையும் அதன் பின்னாலேயே திரும்பின. வேலம்மாள் புருஷனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், டிராக்டரின் பின்னால் ஏறி அம்மன் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அம்மன் தென்பெண்ணைக்குத்தான் போனாள். சிங்காரம் தன் மாமாவோடு பேசுவதை நிறுத்தினார். புல் மட்டும் ஜோராக வளர்ந்தது. 'புல்லின் மேல் உட்காராதீர்' என்று இன்னொரு போர்டும் வந்தது. உட்கார ஆள் வந்தால்தானே? விசிலுக்குப் பயந்து பிள்ளைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. காலையில் நாலு பேர் நடக்க வருவார்கள், அவ்வளவுதான்.

"பார்க்கு ரொம்ப அழகா இருக்கு சார். போட்டோ மாதிரி இருக்கு" என்றார் ஜான்சி டீச்சர் ஒருநாள். அவர் பாராட்டத்தான் சொன்னார். கண்ணாயிரத்துக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு தை ஐந்தன்றும் அவர் சிமெண்டு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, மேளச் சத்தம் தெருவைத் தாண்டிப் பெண்ணைப் பக்கம் தேய்ந்து போவதைக் கேட்பார். வேலம்மாள் சாயங்காலம் திரும்பி வரும்போது மடியில் நாலு சுருளிக்கிழங்கு கொண்டுவந்து தட்டில் வைப்பாள். அது அவருக்குத் தொண்டைக்குள் இறங்காது. தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். போய்ச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் வந்தது. கடலூரில் அந்த விடிகாலையைப் பற்றி யாரிடம் கேட்டாலும் அவரவர் வீட்டுக் கூரையைப் பற்றிச் சொல்வார்கள். கண்ணாயிரம் தன் வீட்டு ஓடு பறந்ததைக்கூடப் பொருட்படுத்தாமல், காற்று ஓய்ந்ததும் ஆற்றங்கரைக்கு ஓடினார். ஒரு மரம் நிற்கவில்லை. பாதாமெல்லாம் வேரோடு பெயர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பள்ளம். புல்தரை இருந்த இடமே தெரியவில்லை. வாசலில் கேட்டும் பலகையும் தப்பியிருந்தன, உள்ளே சிமெண்டு பெஞ்ச் மட்டும் ஆரம்பத்தில் இருந்தபடியே இருந்தது. அதில் உட்கார்ந்து அவர் அழுதார். யாருமில்லாததால் வாய்விட்டே அழுதார்.

ஊரில் கரண்ட் இல்லை, குடிதண்ணீர் இல்லை. இந்த லட்சணத்தில் பூங்காவுக்கு யார் வருவார்கள்? அரிவாளை எடுத்துக்கொண்டு ஒண்டியாகக் கிளைகளைக் கழிக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள் பின்தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வேலியோரம் தயங்கி நின்றார்கள். கூரை போட நாலு கழி வேண்டும், கேட்க பயம். அவர் சட்டைப்பையைத் தொடவில்லை. "எடுத்துக்கிட்டுப் போம்மா, நல்லதாப் பாத்து எடு" என்றார். செய்தி பரவிற்று. மூன்று தெருவும் வந்து கழியும் விறகுமாக எடுத்துப்போனது. கூரை போட்டு முடித்தவர்கள், சும்மா வந்து எடுத்துப்போனோமே என்று, ஜான்சி டீச்சர் கூப்பிடாமலேயே மண்வெட்டியோடு திரும்பி வந்தார்கள். பள்ளங்களை மூடினார்கள். பொங்கலுக்குள் பூங்கா மொட்டைத் தலையோடாவது சுத்தமாக நின்றது.

மாட்டுப்பொங்கல் அன்று வேலம்மாள் சாதாரணமாகச் சொன்னாள்: "இந்த வருசம் அம்மன் ஆத்துக்குப் போவலியாம். பெண்ணைக்குப் போற ரோட்டுல இன்னும் மரமும் கம்பமும் கெடக்குதாம், வண்டி போவாதாம். சிங்காரம் மொகமே சரியில்ல."

கண்ணாயிரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நம்ம பக்கமா கொண்டாரச் சொல்லேன்."

"நான் எதுக்குச் சொல்றேன்? போர்டு எழுதி மாட்டுங்க. அவன் படிச்சிக்குவான்."

அவர் கையைக் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ, பழம் வாங்கிவந்து தாம்பாளத்தில் அடுக்கினார். வேலம்மாள் வேண்டுமென்றே உதவிக்குப் போகவில்லை. கதவோரம் நின்று பார்த்தாள். மூன்று வருஷமாக மிதிக்காத மச்சான் வீட்டுப் படியை அவர் மிதித்தபோது சிங்காரம் டிராக்டருக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவருக்கு முதலில் மாமாவின் கால்கள் தெரிந்திருக்கும், பிறகு தட்டு.

"அம்மன அழைக்க வந்தேன் மச்சான்."

சிங்காரம் மெதுவாக எழுந்து கையைத் துடைத்தார். "புல்லு?"

"புல்லு மொளைக்கும். நான் அன்னிக்கு அப்டி எழுதி மாட்டியிருக்கக் கூடாது. வந்து ஒங்கிட்ட கேட்டிருக்கணும்."

சிங்காரம் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வரும்போது வெறும் தட்டைத் திருப்பிக் கொடுத்து, "பாக்கலாம் மாமா" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

தை ஐந்தன்று காலையிலேயே கண்ணாயிரம் கேட்டை அகலத் திறந்து, பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு நின்றார். வெயில் ஏறிற்று. 'வருவாங்க சார்' என்று ஜான்சி டீச்சர் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார். கண்ணாயிரம் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அப்புறம் மேளம் கேட்டது. இந்த முறை தேயவில்லை, பெருத்துக்கொண்டே வந்தது.

அம்மன் வேப்பிலையும் சாமந்தியுமாகத் திருப்பத்தில் தெரிந்தாள். பின்னால் மூன்று தெரு ஜனமும். பாதிப்பேர் வீட்டில் இன்னும் விளக்கெரியவில்லை, ஆனாலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். டிராக்டர் கேட்டுக்குள் நுழைந்து பத்தடி வந்திருக்காது, பின் சக்கரம் புதிதாக மூடிய பாதாம் பள்ளத்தில் பொதக்கென்று இறங்கிற்று. சிங்காரம் முடுக்கினார். சக்கரம் மண்ணை வாரி இறைத்ததே தவிர ஏறவில்லை. அம்மன் ஒருபக்கமாகச் சாய, பெண்கள் அலறினார்கள். ஆண்கள் தோள் கொடுத்தார்கள். ம்ஹூம்.

"சக்கரத்துக்கு அடியில எதனா பலகை குடுங்கப்பா! கனமா குடுங்க!" என்று சிங்காரம் கத்தினார்.

மரமெல்லாம் வீடுவீடாகப் போயாயிற்று. பலகைக்கு எங்கே போவது? கண்ணாயிரம் திரும்பிப் பார்த்தார். சுவரோரம் ஓடினார். அறுபத்துமூன்று வயதுக்காரர் அந்தக் கனத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து, மண்டிபோட்டு, கையால் மண்ணைத் தோண்டிச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார். எழுத்து மேலே பார்க்க இருந்தது. சிங்காரம் சீட்டிலிருந்து எட்டிக் குனிந்து அதைப் படித்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். மாமாவின் வேட்டியெல்லாம் சேறு.

"என்னா கண்டக்டரே," என்றார் சிங்காரம், "பெரிய வண்டி போலாமா?"

கண்ணாயிரம் சட்டைப்பையில் கைவிட்டார். முதல் தடவை விசிலில் வெறும் காற்றுதான் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி வைத்தார். இரண்டு விசில்.

"ரைட்! போலாம் ரைட்!"

சக்கரம் பலகைமேல் ஏறிற்று. பலகை படாரென்று இரண்டாகப் பிளந்தது. ஜனம் போட்ட சத்தத்தில் மேளம் கேட்கவில்லை. அம்மன் அசைந்தாடிக்கொண்டு, தன் பழைய வழியே போய், கெடிலத்தில் இறங்கினாள்.

அன்று மத்தியானம் எல்லோரும் தரையிலேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். பிள்ளைகள் விசிலைக் கேட்டு வாங்கி மாறிமாறி ஊதித் தள்ளின. கண்ணாயிரம் தன் பூங்காவில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒரு பக்கம் வேலம்மாள், மறுபக்கம் சிங்காரம் உரித்து உரித்துக் கொடுத்த சுருளிக்கிழங்கு. ஒன்றும் தொண்டையில் நிற்கவில்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் ஜான்சி டீச்சர் மண்வெட்டியோடு வந்தார். கேட்டிலிருந்து ஆறுவரைக்கும் இரண்டு சக்கரத் தடம், கணுக்கால் புதைகிற ஆழத்துக்கு.

"தடத்த மூடிடலாமா சார்? புதுக் கன்னு வக்கணும்ல?"

"கன்ன ரெண்டு பக்கமும் தள்ளி வச்சிக்கலாம் டீச்சர்" என்றார் கண்ணாயிரம். "தடம் இருக்கட்டும். அடுத்த வருசம் அம்மனுக்கு வழி தெரிய வேணாமா?"