வயிற்றில் புள்ளியா, கோடா?

தொட்டியில் மீன் வளர்த்து அலுத்துப்போனவர்கள்தான் இதை எங்கள் ஆற்றில் விட்டார்கள்.

இன்று காலை சடையங்குப்பத்தில், பக்கத்து வீட்டு சேகர் அண்ணன் வலையில் ஜிலேபி மீன் ஒன்றுகூட இல்லை. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும் டேங்க் கிளீனர் மீன்தான் இருந்தது. உள்ளங்கை அளவுதான், ஆனால் உடம்பெல்லாம் கவசம். அதன் முள் மாட்டினால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வாங்கவும் ஆளில்லை.

"பேஜாரா கீது நைனா. எவன் வுட்டான்னு உன் போன்ல கேளு" என்றார் அண்ணன்.

மீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில், இதை ஆற்றில் விட்டது யார் என்று கேட்டுப் படத்தைப் போட்டேன்.

வயிற்றில் புள்ளி இருப்பதாக ஒருவர் ஓர் இலத்தீன் பெயர் சொன்னார். அது கோடு என்று இன்னொருவர் வேறு பெயர் சொன்னார். இரண்டும் கலந்த இனம் என்றார் மூன்றாமவர். சண்டை முற்றியது.

அட்மின் மட்டும் என்னிடம் பேசினார்: "வயிறு தெளிவா தெரியல ப்ரோ, வேற போட்டோ போடுங்க."

எல்லாவற்றையும் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் வலையை அறுத்துக்கொண்டே சொன்னார்: "பேரு அப்பால வெச்சிக்கலாம். அவனுங்கள்ல ஒருத்தன வந்து, வலைய அறுக்காம இத்த எடுத்துக் காட்டச் சொல்லு."

அதை அப்படியே குழுவில் எழுதினேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

இந்தப் பதிவிலும் கேட்கிறேன். மீன் வளர்ப்பவர்களே, எப்போது வருகிறீர்கள்?