பூட்டிய வீட்டுக்குள் அடித்த செல்போன்

பிள்ளையை விடுதியில் சேர்த்து, அவசரத்துக்கு ஒரே ஒரு செல் நம்பரைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். 2008 தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் நான் போன பயணம் இது. ஊர் சுற்றப் போகவில்லை.

காலை எட்டரைக்குத் திருச்சியில் படிக்கும் என் மகள் நித்யா மதுரையில் இருந்த எனக்குப் போன் செய்தாள். அவள் அறைத்தோழி முத்துமாரிக்குக் குடல்வால் வீங்கி உடனே ஆபரேஷனாம். பெற்றோரிடம் பேசாமல் செய்யமாட்டோம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறார், லைன் கிடைக்கவில்லை. அம்மா காளியம்மாளின் செல் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

"அவங்க ஊரு சாத்தூர் பக்கத்துல அச்சங்குளம்மா. கொஞ்சம் போய்ச் சொல்லுங்களேன்" என்றாள், பக்கத்துத் தெருவுக்குப் போகச் சொல்வதுபோல.

மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ். சாத்தூருக்கு சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் 28 ரூபாய். நாற்கரச் சாலை வேலை நடந்ததால் இரண்டு மணி நேரம் ஆனது. சாத்தூரில் இறங்கியும் காராச்சேவுக் கடைப் பக்கம் நான் திரும்பவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இதிலேயே அவசரம் புரிந்திருக்கும். அங்கிருந்து ஆட்டோ, 150 ரூபாய். பேரம் பேசவில்லை.

அச்சங்குளத்தில் ஆட்டோக்காரரும் நானும் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவு பூட்டியிருந்தது. உள்ளே செல்போன் அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார். "பட்டாசுக் கம்பெனிக்குள்ள செல்லு விடமாட்டாகல்ல? வீட்டுல வச்சிட்டுத்தான் போவா. இப்ப சீசன் வேற, பொளுது சாய்ஞ்சுதான் வருவா" என்று சொல்லி, கம்பெனிக்கு வழியும் காட்டினார்.

கேட்டில் காவலாளி முதலில் என் செல்லை வாங்கி வைத்துக்கொண்டார். "பேரச் சொல்லிட்டு இங்கனயே நில்லுங்கம்மா" என்று உள்ளே ஆள் அனுப்பினார். சற்று நேரத்தில் காளியம்மாள் வந்தார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, முழங்கை வரை வெள்ளியாய் மின்னும் மருந்துத் தூள். உள்ளே ஓடக்கூடாதாம். ஓட்டத்துக்குக் குறையாத வேகத்தில் நடந்து வந்தார்.

"பிள்ளை நல்லாருக்கா" என்பதை முதலில் சொன்னேன். அப்புறம்தான் மற்றதை.

கை கழுவி, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கேட்டைத் தாண்டித் தார்ச்சாலை வரை வந்தார். காவலாளியிடமிருந்து செல்லைத் திரும்ப வாங்கி, நித்யாவைக் கூப்பிட்டு, நான்தான் அவர் காதில் பிடித்தேன். டாக்டரிடம் "செய்யுங்க சார், செய்யுங்க" என்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் வரவில்லை. மகளிடம் மட்டும் குரல் தெளிந்தது. "பயப்படாத தாயி, அம்மா வந்துக்கிட்டே இருக்கேன்."

மதுரை வழியாகத் திருச்சிக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. அங்கே அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் செல் கூடாதென்றால் அந்த ஆபீஸ் நம்பரைக் கொடுங்கள், பகலில் வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் நம்பரையும் கொடுங்கள். கல்லூரி ஊரிலேயே ஒருவரைத் தெரிந்து வையுங்கள். பிள்ளையின் ரத்த வகையும் ஒவ்வாத மருந்தும் விடுதியில் தெரிந்திருக்கட்டும். நித்யாவின் விடுதியில் நானும் ஒரே நம்பர்தான் கொடுத்திருந்தேன். மறுநாளே மூன்றாக்கினேன்.

சாயங்காலம் முத்துமாரி கண் விழித்தாள். வேலை நாளில் அம்மா எதிரே நிற்பதைப் பார்த்ததும் தன் வயிற்றை மறந்து, "கம்பெனியில ஏதும் ஆயிருச்சாம்மா?" என்றாள்.

காளியம்மாள் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எனக்கு ஒண்ணு ஆனா அவளுக்குச் சொல்லணும்னு கம்பெனியில ஹாஸ்டல் நம்பரக் குடுத்து வச்சிருக்கேன்க்கா. அவளுக்கு ஒண்ணு ஆகும்னு நெனைக்கவே இல்லையே."