காலர் மட்டும் தைத்தவள்

முதல் நாள் வந்தவர்கள்: பழ வண்டிக்கார அக்கா. ஒரு மாமியார். அவருடைய மருமகள். ஷேர் ஆட்டோ ஓட்டுபவரின் மனைவி. மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்யும் பெண். காலேஜ் முடித்துவிட்டுச் சும்மா இருந்த அக்கா தங்கை இருவர்.

இடம் கடப்பேரியில், சர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஹால். மதியம் இரண்டு மணி. மூன்று மிஷின். சுவரில் ஒரு போர்டு, 'தையல் வகுப்பு'. டீச்சர் நான்.

எட்டாவது வரை படித்தேன். சானடோரியம் ஏரியாவில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்தொன்பது வருடம் சட்டைக்குக் காலர் வைத்தேன். காலர் மட்டும். கை வைப்பவள் இரண்டு மிஷின் தள்ளி இருந்தாள். வெட்டுவது மாடியில். அங்கே நான் போனதே இல்லை.

புதிதாக வரும் பெண்களை என் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். முதல் வாரம் அழுவார்கள். மூன்றாம் வாரம் அவர்கள் கை தானாகப் போகும். அதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அதற்காகவே வேலைக்குப் போனேன் என்றும் சொல்லலாம். சூபர்வைசருக்குப் பிடிக்காது.

"இன்னிக்கு எத்தினி பீஸ் முடிஞ்சுது? நீ இன்னா டீச்சரா?"

ஆமாம் என்று தோன்றியது. நாற்பத்தாறு வயதில் வேலையை விட்டேன்.

வகுப்பில் முதலில் காலர் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன். நான்காம் நாள் பழ வண்டிக்கார அக்கா துணியை மடித்து வைத்துவிட்டார்.

"டீச்சரம்மா, காலர் வெச்ச ஜாக்கெட்டா போட்டுகினு கல்யாணத்துக்குப் போவேன்? ஜாக்கெட் எப்போ?"

"நாளைக்கு" என்றேன்.

அன்று சாயங்காலம் என் பழைய ஜாக்கெட் ஒன்றைப் பிரித்தேன். துண்டு துண்டாக அட்டையில் வைத்து வரைந்தேன். இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மறுநாள் அக்கா புதுத் துணி கொண்டுவந்தார். தம்பி மகள் கல்யாணத்துக்கு எடுத்தது. எல்லாரும் சுற்றி நிற்க வெட்டினேன். தைத்தும் முடித்தேன். போட்டுப் பார்த்தார். வலது தோளில் துணி முறுக்கிக்கொண்டது. கழற்றிப் பார்த்தேன். இரண்டும் இடது கை.

துணியை மடித்து வெட்டியிருக்க வேண்டும். நான் ஒரு கையை வெட்டிவிட்டு, அதே அட்டையை அதே பக்கமாக வைத்து இன்னொன்றையும் வெட்டியிருக்கிறேன். கம்பெனியில் இடது, வலது எல்லாம் நம்பர் ஒட்டிக் கட்டாக வரும். அதை யாரும் யோசிக்க வேண்டியதில்லை. நானும் யோசித்ததில்லை.

மாமியார் சிரித்தார். "எங்க வூட்டுக்காரரு வெட்டினாக்கூட ஒரு கை வலது கையா வந்திருக்கும்."

மருமகள் சிரிக்கவில்லை.

"எனக்குக் காலர்தான் தெரியும். வெட்டறத இப்போதான் கத்துக்கறேன்" என்றேன்.

"அப்போ எதுக்கு மேம் போர்டு மாட்டுனீங்க?" என்று மெடிக்கல் ஷாப் பெண் கேட்டாள்.

பழ வண்டிக்கார அக்கா துணியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கடைக்குப் போய் விசாரித்தேன். அந்தத் துணி தீர்ந்துவிட்டது.

சனிக்கிழமை சூபர்வைசர் போன் செய்தார்.

"காலர்ல ஆளே இல்லக்கா. திங்கக்கிழம வந்துடு. டீச்சர் வெளாட்டுலாம் போதும்."

"பாக்கறேன் சார்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் செய்தித்தாளில் ஜாக்கெட் கை வெட்டினேன். மடித்து வெட்டினேன். வளைவு சரியாக வரவில்லை. எரிச்சலாக இருந்தது. பத்தொன்பது வருடம் மிஷினில் உட்கார்ந்தவளுக்கு ஒரு ஜாக்கெட் கை வரவில்லை. ஞாயிறு மதியம் ஒரு ஜோடி சரியாக வந்தது. ஒரே ஒரு ஜோடி.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் வழக்கமான நேரத்துக்கு எங்கள் தெருமுனையில் நின்று, போய்விட்டது. மதியம் காகிதக் கைகளை எடுத்துக்கொண்டு ஹாலைத் திறந்தேன். இரண்டேகால் வரை யாரும் இல்லை.

பிறகு பழ வண்டிக்கார அக்கா வந்தார். மிஷின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டார்.

"இத்த வெட்டு. கெட்டா போய்த் தொலையட்டும்."

ஆட்டோக்காரர் மனைவி வந்தார். மருமகள் வந்தாள், மாமியார் இல்லாமல்.

மூன்றரை வரை கதவைப் பார்த்தேன். ரெஜிஸ்டரில் எழுதினேன்.

மூன்று பேர்.