பேசாத லைனை எப்போது வெட்டுவது

எங்கள் தொழிலில் ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் அவர் இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் பாடம். பட்டம் முடித்து வேலை கிடைத்த பிறகும், போன் அடித்தால் எடுக்கப் பயப்படும் என் போன்றவர்களுக்கு இதைச் சொன்னாலே போதும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன்.

கல்முனை பிரதான வீதியில் ஒரு செருப்புக் கடையின் மேல்மாடி எங்கள் அலுவலகம். ரஸ்மி காக்கா முதலாளி. பள்ளிவாசல்களில் இறந்தவருக்காக நடக்கும் ஜனாஸாத் தொழுகை, மையவாடியில் நடக்கும் அடக்கம், துஆ எல்லாவற்றின் சத்தத்தையும் போன் வழியாகத் தூரத்தில் இருப்பவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் சேவை. இங்கே ஒருவர் மௌத்தானால் சில மணித்தியாலங்களில் அடக்கிவிடுவோம். கட்டாரில் இருக்கும் மகன் வந்துசேர முடியாது. பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அவர்களுக்கெல்லாம் காது மட்டும்தான் மிச்சம்.

கேட்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, நீ இந்த சேர்வருக்குப் போ, நீ அந்த சேர்வருக்குப் போ என்று பிரித்துவிடும் பெட்டிக்குப் பெயர் லோட் பலன்சர். யாரை எப்படி நடத்துவது, சும்மா இருப்பவருக்காக எவ்வளவு நேரம் பொறுப்பது என்று அந்தப் பெட்டிக்கு எழுதிக் கொடுக்கும் விதிகள்தான் புரொபைல். அதை எழுதுவது நான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. உம்மா அயலில் விசாரிப்பவர்களிடம், "கொம்பியூட்டர்ல வாசல் காக்கிற வேலை" என்று சொல்லிவைத்திருக்கிறார்.

அரை நிமிடம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேசாத லைனை அரை நிமிடத்தில் வெட்டு என்று எழுதிவைத்தேன். பாடப்புத்தகக் கணக்கில் அது நல்ல விதி. ஆனால் ஜனாஸாத் தொழுகையில் குனியும் ருகூஉ இல்லை, நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூது இல்லை. இமாம் 'அல்லாஹு அக்பர்' என்று ஒரு தக்பீர் சொல்வார், பிறகு எல்லோரும் வாய்க்குள் ஓதிக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். எங்கள் மென்பொருளோ சத்தம் இல்லாத நேரத்தில் எதையும் அனுப்பாது. மூன்றாவது தக்பீருக்குப் பிறகு, மௌத்தானவருக்காக துஆக் கேட்கும் அந்த நீண்ட மௌனத்தில், என் பெட்டி வெளிநாட்டில் இருந்த அத்தனை பேரையும் ஒரே நொடியில் வெட்டியது.

பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், எத்தனை ஜனாஸா பார்த்திருக்கிறேன், எனக்கு அது ஞாபகம் வரவில்லை. டோஹாவிலிருந்து மௌத்தானவரின் மகன் கோல் எடுத்தார். ஏசவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்: "தங்கச்சி, எங்கட வாப்பா ஒருக்காதான் மௌத்தானவர். நீங்க ரெண்டாந்தரமும் மௌத்தாக்கிட்டீங்க."

மேலால கேட்ட செருப்பு

பயத்தில் விதியை மாற்றினேன்: எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் வெட்டாதே. அதற்குப் பிறகு வந்தது ஜவாஹிர் காக்காவின் ஜனாஸா. மீன் லொறி ஓட்டியவர், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, அதிகம் வாய் திறக்காத மனிதர். அவருடைய தம்பி ஹாரிஸின் போன்தான் அன்றைக்கு மைக். நடுப்பகல் லுஹருக்குப் பிறகு தொழுகை, பிறகு கடற்கரை மையவாடியில் அடக்கம். லைன் ஒரு தரமும் அறுபடவில்லை. நான் சந்தோஷமாகச் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன்.

அப்போது டோஹாவிலிருந்து அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர் எடுத்தார். அடக்கம் தெளிவாகக் கேட்டதாம். பலகை வைத்தது, மண் போட்டது, கடைசியில் தலைமாட்டில் இருந்து தல்கீன் ஓதியது எல்லாம் கேட்டதாம். அதோடு போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அடக்கிவிட்டுத் திரும்பிப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் கபுறுக் குழியில் இருப்பவருக்குக் கேட்கும் என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்ததை எங்களில் யாரும் மறப்பதில்லை. அவர் கேட்டார்: "எல்லாரும் திரும்பிப் போற சத்தம் எனக்குத் தலைக்கு மேலால கேட்டிச்சே தங்கச்சி, அது எப்பிடி?"

ஹாரிஸின் போன்

எப்படி என்று ஹாரிஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. ஜவாஹிர் காக்காவின் உடலைக் கீழே நின்று வாங்கிவைக்கக் கபுறுக்குள் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். கையில் பிடிக்க முடியாததால் போனைச் சட்டைப் பைக்குள் போட்டிருக்கிறார். குனிந்தபோது விழுந்திருக்கிறது. "எங்கயோ விழுந்திட்டு, லைன் இன்னமும் போகுதா எண்டு பாருங்க" என்றார். பார்த்தேன். போய்க்கொண்டிருந்தது.

ஹெட்போனை மாட்டினேன். மூடிய பானைக்குள் காது வைத்தது போல ஒரு சத்தம். அதற்கு அப்பால் எங்கோ கடல். இடையில் மணல் இறங்கும் சரசரப்பு. அந்த நேரம் பார்த்துப் பின்னேரத்து அஸர் பாங்கு சொன்னது. ஜன்னலால் ஒருமுறை கேட்டது. கொஞ்சம் பிந்தி ஹெட்போனுக்குள், போர்வைக்குள் படுத்துக்கொண்டு கேட்பது போல, இன்னொரு முறை கேட்டது. நான் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன்.

தேவையென்றால் மௌலவியிடம் கேட்டு மண்ணை விலக்கி எடுக்கலாம் என்று ரஸ்மி காக்கா சொன்னார். ஹாரிஸ் தலையை ஆட்டினார்: "ஒரு போனுக்காக காக்காட முகத்தத் திரும்பப் பாக்க எனக்கு ஏலா."

கேட்டுக்கொண்டிருந்த ஒருவர்

மற்ற எல்லோரும் போன பிறகும் அந்த லைனில் ஒருவர் மட்டும் இருந்தார். மறுநாள் காலையிலும் இருந்தார். பெட்டி இடைக்கிடை "இருக்கிறீர்களா?" என்று கேட்கும், அவருடைய போன் "இருக்கிறேன்" என்று பதில் அனுப்பும். இலக்கம் யாருடையது என்று பார்த்து, அந்த வீட்டின் மற்றப் போனுக்கு எடுத்தேன். ஜவாஹிர் காக்காவின் மனைவி, ஸீனத் ராத்தா. கணவர் மௌத்தான பின் இருக்கும் இத்தாவில் வீட்டுக்குள் இருக்கிறார். போன் எங்கே விழுந்தது என்று ஹாரிஸ் சொல்லிவிட்டாராம்.

அதில் கேட்க ஒன்றும் இல்லையே ராத்தா என்றேன். "ஓம்" என்றார். பிறகு, சிரித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை: "அவர் உசிரோட இரிக்கக்குள்ளயும் இவ்வளவுதான் தங்கச்சி கதைக்கிற."

தனிப் புரொபைல்

வெட்டாதே என்று எழுதியதன் பலன் அன்றைக்கே தெரிந்தது. போனை அணைத்தவர்கள், சிக்னல் போனவர்கள், சொல்லாமல் போன அத்தனை பேரின் லைனும் பெட்டிக்குள் திறந்தபடியே கிடந்தது. இல்லாதவர்களால் இடம் நிரம்பி, நிந்தவூரில் ஒரு ஜனாஸாவைக் கேட்க வந்தவர்கள் பெட்டியின் வாசலிலேயே நின்றார்கள். ரஸ்மி காக்கா மேசைக்கு வந்தார்.

"எல்லாத்தையும் வெட்டு புள்ள."

"வெட்டுறன் காக்கா. ஒண்ட மட்டும் விடட்டா?"

"எத?"

சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வராது, வந்தாலும் குரல் நடுங்கிக் காட்டிக்கொடுக்கும். அந்த லைனுக்கு மட்டும் தனிப் புரொபைல் எழுதலாம், மற்றவர்களுக்குத் தொந்தரவு இருக்காது என்றேன். பயிற்சிக் காலம் முடியாத ஒருத்தி இப்படிக் கேட்பது சரியா என்று கேட்டு முடித்த பிறகுதான் யோசித்தேன்.

"எவ்வளவு நாளைக்கு?"

"போன்ல சார்ஜ் இரிக்கும் வரைக்கும்."

"சார்ஜ் முடிஞ்சா மறைக்காம அவவுக்குச் செல்லிரு. இல்லாத ஆளக் காட்டி ஒரு பொம்புளைய ஏமாத்தின எண்டு எங்களுக்கு வேணாம்."

சொல்லிவிட்டு வெட்டுவது

அடுத்த நாள் காலையில் கபுறுக்குள் இருந்த போன் பதில் சொல்வதை நிறுத்தியது. பெட்டி கேட்டது, திரும்பக் கேட்டது, பதில் இல்லை. நான் எழுதிய விதிப்படி லைன் மட்டும் திறந்தே கிடந்தது. இந்தப் பக்கம் ஸீனத் ராத்தா கேட்டுக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. லுஹர் வரை தள்ளிப்போட்டேன், பிறகு அவருக்கு எடுத்தேன்.

"ராத்தா, அந்தப் போன் காலையிலயே நிண்டுட்டு. நீங்க இப்ப கேக்கிறது எங்கட பெட்டிய மட்டும்தான். நான் வெட்டணும்."

அவர் அழுவார் என்று பயந்திருந்தேன். அழவில்லை. "கொஞ்சம் பொறுங்க, அவருக்குச் செல்லிட்டு வாறன்" என்றார்.

எங்கள் லைன் ஒரு பக்கம் மட்டும் போகிறது. கேட்பவர் அதில் பேச முடியாது, அது நான் எழுதிய விதி. அதைச் சொல்ல வாய் வரவில்லை. போனுக்குள் அவர் எழுந்து, லைன் கேட்கும் போன் இருந்த அறைக்குப் போவது கேட்டது, கதவு சாத்துவது கேட்டது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். காலையிலிருந்து அசையாமல் இருந்த, மையவாடிப் பக்கத்திலிருந்து வந்த டேட்டாவைக் காட்டும் எண், ஒருமுறை கூடியது. ஒரே ஒருமுறை. கணக்குப் பிந்தி ஏறியிருக்கலாம், பெட்டியின் பிழையாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகு பதிவுகளையெல்லாம் தேடிப் பார்த்தேன், காரணம் கிடைக்கவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

கதவு திறந்தது. ஸீனத் ராத்தா போனை எடுத்தார்: "ஓம் எண்டிட்டார் தங்கச்சி. இப்ப வெட்டுங்க."

வெட்டினேன், எந்தப் புரொபைலைத் திறந்தாலும் எவ்வளவு நேரத்தில் வெட்டுவது என்று நிரப்ப ஒரு கட்டம் இருக்கிறது, யாரிடம் கேட்டு வெட்டுவது என்பதற்குத்தான் இன்னும் யாரும் கட்டம் வைக்கவில்லை.